பர்சனல் ட்ரெய்னர் வேலைக்கு வர நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் ஜிம்முக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பதால் இந்தக் கேள்விகள் வாரம் தவறாமல் என்னிடம் வருகின்றன. கல்லூரி முடித்த பையன்கள், ஐ.டி. வேலையை விட்டுவிடலாமா என்று யோசிப்பவர்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் ஏதாவது செய்யலாம் என்று நினைக்கும் பெண்கள் என எல்லா வகையினரும் கேட்கிறார்கள். தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன்.

ட்ரெய்னர் ஆக லைசென்ஸ் ஏதும் வேண்டுமா?

வேண்டாம். டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருப்பதுபோல, பதிவு செய்துகொண்டுதான் தொழில் செய்ய வேண்டும் என்ற சட்டம் ஜிம் ட்ரெய்னருக்கு இந்தியாவில் இல்லை. நாளைக் காலையில் ஒரு டிராக் பேண்டைப் போட்டுக்கொண்டு "நான் ட்ரெய்னர்" என்றால் தடுக்க ஆளில்லை. நிறையப் பேர் அப்படி வந்தவர்கள்தான். அவர்களில் அருமையான ஆட்களும் உண்டு. பழைய தேகப்பயிற்சிக் கூடங்களில் மாஸ்டரிடம் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று வருடக்கணக்கில் பழகியவர்களுக்கு, அடுத்தவர் உடம்பு அசைவதைப் பார்த்தே எங்கே பிசகு என்று தெரிந்துவிடும்.

ஆனால் பெரிய செயின் ஜிம்கள் சான்றிதழ் இல்லாதவரை நேர்காணலுக்கே கூப்பிடுவதில்லை. அது ஒரு காரணம். இன்னொரு காரணம், நாற்பது வயதுக்காரர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது என்ன செய்வது என்பது யாராவது முறையாகச் சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும்.

எந்தச் சான்றிதழ் எடுக்கலாம்?

வெளியில் அதிகம் மதிக்கப்படுபவை அமெரிக்க அமைப்புகளின் சான்றிதழ்கள்: ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம்., ஏ.சி.எஸ்.எம்., என்.எஸ்.சி.ஏ. ஏ.சி.இ. தேர்வில் 150 கேள்விகள், மூன்று மணி நேரம். என்.ஏ.எஸ்.எம். தேர்வில் 120 கேள்விகள், இரண்டு மணி நேரம். எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகைதான். வயது 18 ஆகியிருக்க வேண்டும்; சி.பி.ஆர். (இதயம் நின்றால் நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) சான்றிதழும் கேட்பார்கள். ஒருமுறை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டினால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அமைப்பைப் பொறுத்து இரண்டு அல்லது மூன்று வருடத்துக்கு ஒருமுறை மேற்படிப்பு நேரம் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், அதற்கும் பணம் ஆகும்.

இந்தியாவில் மும்பையின் கே11 பள்ளிக்கு நல்ல பெயர் உண்டு. மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழும் ஃபிட்னஸ் ட்ரெய்னர் பயிற்சி இருக்கிறது. கையில் பணம் குறைவு என்றால் முதலில் அதை விசாரியுங்கள். மூன்று, நான்கு வருடம் உட்கார்ந்து படிக்க முடியும் என்றால் சென்னையிலேயே நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கியது. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. உடற்கல்விப் பட்டம் பள்ளியில் பி.டி. ஆசிரியர் வேலைக்கும் வழி திறக்கும் என்பதால், வீட்டில் சம்மதம் வாங்கவும் அது சுலபம்.

சனி, ஞாயிறு இரண்டு நாளில் "மாஸ்டர் ட்ரெய்னர்" சான்றிதழ் தருகிறோம் என்ற போஸ்டர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காகிதத்தை ஆள் எடுக்கும்போது நாங்கள் படிப்பதுகூட இல்லை.

எனக்கு ஆங்கிலம் சரியாக வராது. தேர்வு எழுத முடியுமா?

மேலே சொன்ன அமெரிக்கச் சான்றிதழ்களுக்குப் புத்தகம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் அதில் திரும்பத் திரும்ப வருவது சில நூறு சொற்கள்தான்: தசைப் பெயர்கள், மூட்டு அசைவுகள், இதயம், மூச்சு. தினமும் பத்துப் பத்தாக எழுதிப் பாருங்கள், பிடிபடும். தமிழ் வழியில் படித்து இந்தத் தேர்வில் தேறியவர்கள் நிறைய.

ஜிம் தளத்தில் நிலைமை தலைகீழ். அங்கே தமிழ் நன்றாக வருபவர்தான் ஜெயிக்கிறார். ரோயிங் செய்துகொண்டிருக்கும் அம்மாவிடம் "ஸ்கேப்புலாவை ரிட்ராக்ட் பண்ணுங்க" என்றால் அவர் விழிப்பார். "முதுகுல ரெண்டு பட்டைக்கும் நடுவுல ஒரு பேனா இருக்குன்னு நெனச்சுக்கோங்க, அது கீழ விழாம இறுக்கிப் பிடிங்க" என்றால் அடுத்த முறையே சரியாக இழுப்பார். ஒவ்வொரு பயிற்சிக்கும் இப்படி இரண்டு மூன்று வாக்கியங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகத்திலும் இவை கிடைக்காது.

சிக்ஸ் பேக் இல்லை. யாராவது வேலை தருவார்களா?

தருவார்கள். உடம்பு ஓரளவு கட்டாக, சுறுசுறுப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆணழகன் போட்டியில் பரிசு வாங்கியவர் ஜிம்முக்கு வந்தால் முதல் வாரம் எல்லோரும் அவரைச் சுற்றி நிற்பார்கள். அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டாவது மாதம் கிளையண்ட் எல்லாம் வேறு ட்ரெய்னரிடம் போய்விடுவார்கள். காசு கொடுத்து வருபவருக்கு ஒரு மணி நேரம் உங்கள் கவனம் முழுக்க வேண்டும். செட்டுக்கு நடுவில் போனை எடுத்துப் பார்க்கும் ட்ரெய்னரைப் பற்றித்தான் எனக்கு அதிகமாகப் புகார் வருகிறது. உடம்பைப் பற்றி இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

கேள்விகளைவிட டெமோவுக்குத்தான் மதிப்பு. என் வழக்கம் இது: வரவேற்பில் வேலை செய்யும் யாரையாவது, முன்பின் பயிற்சி இல்லாத ஒருவரை, அழைத்து நிறுத்தி "இவருக்கு ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) சொல்லிக் கொடுங்கள்" என்பேன். வந்தவர் உடனே தானே பத்து ஸ்குவாட் போட்டுக் காட்டினால் பாதி மதிப்பெண் போச்சு. "முழங்கால்ல, இடுப்புல வலி ஏதாவது இருக்கா?" என்று முதலில் கேட்பவரை எடுத்துக்கொள்வேன். ஸ்குவாட்டை அவர் கொஞ்சம் தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, அதைத் திருத்திவிடலாம்.

சம்பளம் எவ்வளவு வரும்?

இதைக் கேட்கத்தான் முக்கால்வாசிப் பேர் வருகிறார்கள். கேட்க வேண்டியதுதான்.

ஜிம்மில் வருமானம் இரண்டு வகை. ஒன்று ஃப்ளோர் சம்பளம்: தளத்தில் நின்று எல்லோரையும் பார்த்துக்கொள்வதற்கு மாதாமாதம் வருவது. தொடக்கத்தில் இது சிறிய தொகைதான். சென்னையில் தனியாக ஒரு அறை எடுத்தால் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். இன்னொன்று பி.டி. (பர்சனல் ட்ரெய்னிங்) பங்கு: ஒருவருக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்தால் அவர் கட்டும் பணத்தில் ஒரு பகுதி. அந்தப் பகுதி ஜிம்முக்கு ஜிம் மாறும். சேரும் முன் எழுத்தில் வாங்குங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 12 வகுப்புக்கு ஒருவர் 8,000 ரூபாய் கட்டுகிறார், ஜிம் பாதியை எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 4,000. எட்டுப் பேர் இருந்தால் 32,000, அதற்கு 96 மணி நேரம் உழைப்பு. எட்டு என்பது எளிது போலத் தோன்றும். ஆனால் வருபவர்கள் எல்லோருக்கும் காலை ஆறிலிருந்து ஒன்பதும் மாலை ஆறிலிருந்து ஒன்பதும்தான் தோதான நேரம். அந்த ஆறு மணி நேரத்துக்குள் எத்தனை பேரை அடைக்க முடியும் என்பதுதான் உங்கள் வருமானத்தின் உச்சவரம்பு. அதனால் பகல் பதினொரு மணிக்கு வரக்கூடிய இல்லத்தரசிகள், ஓய்வு பெற்றவர்கள், நைட் ஷிஃப்ட் முடித்து வருபவர்களைப் பிடித்து வைத்திருக்கும் ட்ரெய்னர் மற்றவர்களைவிட நிம்மதியாக இருப்பார்.

இன்னொரு பெரிய விஷயம், கிளையண்ட் நிலைப்பது. ஜனவரியில் கூட்டம் தள்ளும், மார்ச்சில் பாதி காணாமல் போகும். மூன்று மாதத்துக்கு மேல் ஒருவர் தங்கினால்தான் உங்களுக்குக் கையில் காசு நிற்கும். புது ஆளைத் தேடி அலைவதைவிட இருக்கிற ஆளுக்கு "நேத்து ஏன் வரல?" என்று ஒரு மெசேஜ் அனுப்புவது லாபம்.

அப்புறம் வரி. பல ஜிம்கள் பி.டி. பங்கைச் சம்பளமாகக் காட்டாமல் தொழில்முறைக் கட்டணமாகக் காட்டி 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டிய வரிப் பிடித்தம்) பிடிப்பார்கள். அந்தத் தொகைக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் வராது. வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து பிடித்த பணத்தைத் திரும்ப வாங்கலாம். இதைத் தெரியாமல் வருடா வருடம் விட்டுவிடும் பையன்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஒரு நாள் எப்படிப் போகும்?

நாலரை மணிக்கு அலாரம். ஐந்தரைக்கு ஷட்டர் திறக்கும். பத்தரை வரை நிற்க வேண்டும். நடுப்பகல் காலி. மாலை நாலரைக்குத் திரும்ப வந்து ஒன்பதரை, பத்துக்கு வீடு. கல்யாணம், காதுகுத்து, நண்பர்களோடு இரவுக் காட்சி எல்லாவற்றுக்கும் "வேலை இருக்கு" என்று சொல்லிப் பழக வேண்டும். ஜிம்முக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் மதியம் இரண்டு மணி நேரம் தூங்கலாம். தாம்பரத்தில் வீடும் அண்ணா நகரில் வேலையும் என்றால் தயவுசெய்து இரண்டில் ஒன்றை மாற்றுங்கள்.

முதல் நாள் முதல் கிளையண்டுக்கு என்ன செய்ய வேண்டும்?

எடையில் கை வைக்கும் முன் உட்கார வைத்துப் பேசுங்கள். பார்-கியூ என்று ஏழு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு: நெஞ்சுவலி, மயக்கம், மூட்டுப் பிரச்சினை, ரத்த அழுத்த மருந்து என்று கேட்கும். எந்தக் கேள்விக்காவது "ஆமாம்" வந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். கிளையண்ட் போய்விடுவாரோ என்று பயந்து இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

வங்கியில் கவுன்டரில் உட்கார்ந்து வேலை செய்யும், நாற்பத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இவர்களில் பலரைப் பார்த்திருக்கிறேன், ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே கதை. கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து மெதுவாக உட்காரச் சொன்னதும் பாதியிலேயே குதிகால் தூக்கிக்கொள்ளும், முழங்கால் இரண்டும் உள்ளே சாயும், உடம்பு முன்னால் கவிழும். "நிமிருங்க, நிமிருங்க" என்று கத்திப் பலனில்லை. கணுக்கால் மடங்கவில்லை என்பதால்தான் அவர் கவிழ்கிறார். ஒவ்வொரு குதிகாலுக்கு அடியிலும் இரண்டரைக் கிலோ தட்டு ஒன்று வையுங்கள். பின்னால் ஒரு பெஞ்சைப் போட்டு அதில் தொட்டு எழச் சொல்லுங்கள். ஐந்து கிலோ டம்பெல்லை மார்போடு அணைத்துப் பிடிக்கக் கொடுங்கள். கையில் எடை கூடினால் கஷ்டம் கூடும் என்று அவர் தயங்குவார். உண்மையில் முன்னால் இருக்கும் அந்த எடை அவரைப் பின்னால் உட்கார விடும், முதுகு தானாக நிமிரும். அவர் முகத்தில் "அட!" என்று ஒன்று வரும் பாருங்கள், அதோடு அவர் உங்கள் கிளையண்ட்.

எட்டு எட்டாக மூன்று செட். அதோடு நிறுத்துங்கள். "இன்னும் பண்ணுவேன் மாஸ்டர்" என்பார். வேண்டாம். வலி மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். முதல் நாளே நூறு பஸ்கி போட வைத்து, தசை சிதைந்து, சிறுநீர் காபி நிறத்தில் போய் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவதும் நடக்கிற விஷயம்தான். அதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர், சிறுநீரகத்தையே பாதிக்கும்.

சர்க்கரை, பி.பி. இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாமா?

கொடுக்கத் தெரியாமல் தமிழ்நாட்டில் இந்தத் தொழில் செய்ய முடியாது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொன்னது. அதை நடத்தியதே சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி மையத்தோடு சேர்ந்துதான். நாற்பதைத் தாண்டிய கிளையண்டில் சர்க்கரையோ பி.பி.யோ இல்லாதவரைத் தேட வேண்டியிருக்கும்.

டாக்டர் சம்மதம் கொடுத்த பிறகு, தளத்தில் மூன்று விஷயம் கவனியுங்கள்.

இன்சுலின் அல்லது சில வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர் வெறும் வயிற்றில் காலை ஆறு மணிக்கு வந்தால், நடுவில் சர்க்கரை இறங்கிவிடலாம். கை நடுக்கம், திடீர் வியர்வை, சம்பந்தமில்லாத எரிச்சல் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். 70-க்குக் கீழே இறங்கியிருந்தால், அல்லது பார்க்கக் கருவி இல்லையென்றால், மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ட்ரெய்னரின் பையில் குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் இருக்க வேண்டும்.

பி.பி. உள்ளவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை தூக்கக் கூடாது. அழுத்தம் சர்ரென்று ஏறும். தூக்கும்போது மூச்சை விட்டுப் பழக்குங்கள்.

மூன்றாவது, பலருக்குத் தெரியாதது. பி.பி.க்குச் சிலர் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பார்கள். அது இதயத் துடிப்பை ஏற விடாது. 220-லிருந்து வயதைக் கழித்து இலக்குத் துடிப்பு சொல்லும் பழைய சூத்திரம் இவர்களிடம் வேலை செய்யாது. வாட்ச் 105 காட்டும், மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். வாட்சை விட்டுவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் மிதமான உழைப்பு. ஒற்றைச் சொல்லாக வந்தால் வேகத்தைக் குறையுங்கள்.

டயட் சார்ட் போட்டுக் கொடுக்கலாமா?

ஆரோக்கியமான ஆளுக்குப் பொதுவான வழிகாட்டல் கொடுக்கலாம். சிறுநீரகப் பிரச்சினை, கர்ப்பம், கட்டுக்குள் வராத சர்க்கரை என்றால் உணவியல் நிபுணரிடம் அனுப்புங்கள். 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் ஊட்டச்சத்து நிபுணர்களையும் பிசியோதெரபிஸ்டுகளையும் தனித் தொழிலாக வரையறுத்திருக்கிறது. அவர்கள் எல்லைக்குள் நீங்கள் நிற்காமல் இருப்பது உங்களுக்கும் பாதுகாப்பு.

பொது வழிகாட்டல் என்று நெட்டிலிருந்து ப்ராக்கோலி, ஓட்ஸ், சால்மன் என்று ஒரு பட்டியலை இறக்கி அனுப்பாதீர்கள். கிளையண்ட் வீட்டில் என்ன அடுப்பு ஏறுகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். நாலு இட்லியில் எட்டுப் பத்து கிராம் புரதம்தான் வரும், கூட இரண்டு முட்டை சேர்த்தால் இன்னொரு 12 கிராம். இப்படிப் பேசினால் அவருக்கு உடனே புரியும்.

நம் ஊர் காலண்டரையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். புரட்டாசி வந்ததும் சிக்கன் நிற்கும், பல வீடுகளில் முட்டையும் நிற்கும். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாள் விரதம். ரமலானில் பகல் முழுக்கத் தண்ணீர்கூட இல்லை. அந்த மாதம் எடையைக் கூட்டாதீர்கள், நோன்பு திறந்த பிறகு இரவு நேரத்துக்கு வகுப்பை மாற்றுங்கள். புரட்டாசிக்கு நான் சொல்வது: 50 கிராம் சோயா உருண்டையில் 26 கிராம் புரதம், நூறு கிராம் பனீரில் சுமார் 18; ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், பெரிய டம்ளர் மோர் தனி. ஒரு மாதம் தாராளமாக ஓடும்.

சக ட்ரெய்னர் ஊசி, பவுடர் விற்றுச் சம்பாதிக்கிறார். நானும் செய்யலாமா?

கூடாது. ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையும் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகள், விற்பது குற்றம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் உடம்பு தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். விந்தணு குறையும், மார்பு வீங்கலாம், நல்ல கொழுப்பு இறங்கும், இதயச் சுவர் தடிக்கும். கல்யாணம் ஆகி இரண்டு வருடம் கழித்துக் கருத்தரிப்பு மையத்தில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அந்த ஊசியைப் போட்டது யார் என்று நன்றாக நினைவிருக்கும்.

புரோட்டீன் பவுடர் வேறு, அது வெறும் உணவு. ஆனாலும் டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறதா என்று பாருங்கள். கமிஷன் வாங்கினால் அதைக் கிளையண்டிடம் சொல்லிவிடுங்கள்.

பெண்கள் இந்தத் தொழிலுக்கு வரலாமா?

உடனே வாருங்கள். எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. பெண் ட்ரெய்னர் வேண்டும் என்று கேட்டு, இல்லை என்றதும் திரும்பிப் போகும் பெண்கள் நிறைய. பிரசவத்துக்குப் பிந்தைய பயிற்சி, மாதவிடாய் நிற்கும் வயதில் எலும்பு வலு, பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்று கற்றுக்கொண்டால் பகல் நேர வகுப்புகளே நிரம்பிவிடும். நேர்காணலிலேயே அதிகாலை ஷிஃப்டுக்குப் போக்குவரத்து என்ன, பெண்களுக்குத் தனி உடைமாற்றும் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். மழுப்பினால் அந்த இடம் வேண்டாம்.

ஆண் ட்ரெய்னர்களுக்கு ஒன்று: தோரணையைத் திருத்தத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் "தொட்டுக் காட்டலாமா?" என்று கேளுங்கள். முடிந்தவரை வாயால் சொல்லியோ செய்து காட்டியோ முடியுங்கள்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்தால் முழுப் பணமும் எனக்குத்தானே?

ஆமாம், ஆனால் பயண நேரமும் உங்களுடையதுதான். ஒரே அபார்ட்மெண்டில் மூன்று வீடு அமைந்தால் லாபம். மூன்று ஊர்க் கோடியில் மூன்று வீடு என்றால் பெட்ரோலுக்குத்தான் உழைப்பீர்கள். மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்குங்கள். முந்தின இரவுக்குள் சொல்லாமல் வகுப்பை ரத்து செய்தால் அது நடந்ததாகவே கணக்கு என்று முதல் நாளே சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். ஜிம்மில் வேலை பார்த்துக்கொண்டே அங்கிருக்கும் கிளையண்டை வீட்டுக்கு இழுக்காதீர்கள். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

எனக்கு 38 வயது. தாமதமாகிவிட்டதா?

இல்லை. ஐம்பது வயதுக்காரருக்கு இருபத்திரண்டு வயதுப் பையன் சொல்வதைவிட நீங்கள் சொல்வதில் நம்பிக்கை அதிகம். ஆனால் முதல் வருடம் வருமானம் குறையும். ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு வாருங்கள்.

வீட்டில் "ஜிம் மாஸ்டருக்கு யார் பொண்ணு கொடுப்பாங்க?" என்கிறார்களே?

என் வீட்டிலும் சொன்னார்கள். இரண்டு வருட வருமான வரி ரிட்டர்ன் நகலைக் காட்டுங்கள், பேச்சின் தொனி மாறும். டி.டி.எஸ். பற்றி மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சொந்த ஜிம் எப்போது போடலாம்?

உங்கள் பெயரைச் சொல்லி, நீங்கள் எங்கே போனாலும் வருவேன் என்கிற கிளையண்ட் முப்பது நாற்பது பேர் சேர்ந்த பிறகு. மிஷின் விலையைத்தான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். கவிழ்ப்பது அட்வான்ஸும் மாத வாடகையும் வணிகக் கட்டணத்தில் வரும் கரண்ட் பில்லும்தான். ஏப்ரல், மே மாத ஏ.சி. பில்லை நடத்திக்கொண்டிருக்கும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். இடம் பார்க்கும்போது தரைத்தளத்துக்கே முன்னுரிமை கொடுங்கள். மாடிதான் கிடைக்கிறது என்றால் கட்டடம் அந்த எடையைத் தாங்குமா என்று ஒரு பொறியாளரை வைத்துப் பாருங்கள், டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடை தூக்கும் பயிற்சி) போடும் இடத்தில் தடித்த ரப்பர் ஷீட் போடுங்கள். கீழ் வீட்டில் உரிமையாளரே குடியிருந்தால் வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த இடம் வேண்டாம். காலை ஐந்தரைக்கு விழும் முதல் டம்பெல்லுக்கே கதவைத் தட்டுவார்.